பூக்கும் தாவரங்களின் வெற்றிக்குப் பூ மட்டும்தான் காரணமா?

கொடிவேலி

இந்த இணைய இழையில் உள்ள எல்லோரிடமும் ஒரு கேள்வி. மேல்நிலை வகுப்புகளுக்குத் தாவரவியல் எடுப்பவள் நான். ஒவ்வோர் ஆண்டும் ஒரே இடத்தில் மாணவர்கள் என்னை நிறுத்திவிடுகிறார்கள். "வண்ணமும் மணமும் தேனும் உள்ள பூக்கள் பூச்சிகளை ஈர்த்தன, அதனால் பூக்கும் தாவரங்கள் உலகெங்கும் பரவின" என்று சொன்னவுடன் ஒரு கை உயரும். புல்லுக்கு வண்ணமும் இல்லை, தேனும் இல்லை, அது எப்படிப் பரவியது? இன்னொரு கை. சைகஸ் குடும்பத்து மரங்களுக்குப் பூவே இல்லை, ஆனாலும் வண்டுகள்தானே மகரந்தம் சுமக்கின்றன?

இரண்டும் நியாயமான கேள்விகள். உயிரோடிருக்கும் திறந்தவிதைத் தாவரங்கள் (பைன், சைகஸ், கிங்கோ போன்று விதை மூடப்படாதவை) ஓராயிரத்துச் சொச்சம் இனங்கள்தான். மூடுவிதைத் தாவரங்களோ, அதாவது பூக்கும் தாவரங்களோ, ஏறத்தாழ மூன்று லட்சம். இவ்வளவு பெரிய வேறுபாட்டை "பூச்சி வந்தது" என்ற ஒரு வரியில் அடக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. உள்ளமைப்பு, புதைபடிவம், மரபியல் என்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் சரி, வரையறைகளை விட்டுவிட்டுக் காரணத்தைச் சொல்லுங்கள்.

சூல்முடி

அம்மா, என்னைக் கேட்டால் இதழ்களை விட்டுவிட்டு நேரே பூவின் நடுவுக்குப் போக வேண்டும் என்பேன். மூடுவிதைத் தாவரம் என்ற பெயரே சூலகத்தால், அதாவது விதையாகப் போகும் சூல்களை மூடிவைக்கும் அறையால், வந்தது. இதழ் இல்லாத பூக்கள் ஏராளம். மகரந்தத்தாள் மட்டுமே கொண்ட பூக்களும் உண்டு. ஆனால் சூல்களைச் சுற்றி மூடிய ஓர் உறை இல்லாமல் மூடுவிதைத் தாவரமே இல்லை.

அந்த உறையைப் பார்க்க ஆய்வகம் தேவையில்லை. முற்றாத ஓர் அவரைக்காயை எடுத்துக்கொள்ளுங்கள். அது முழுவதும் ஒரே ஒரு சூலிலை. அதன் ஒரு விளிம்பில்தான் விதைகள் ஒட்டியிருக்கும். எதிர் விளிம்பில் விதை எதுவும் இராது. விதை இருக்கும் விளிம்பை நகத்தால் மெல்லப் பிளந்து விரித்தால் விதைகள் இரண்டாகப் பிரிந்து, ஒன்று இந்தப் பக்கமும் அடுத்தது அந்தப் பக்கமுமாக மாறிமாறி நிற்பதைக் காணலாம். அதாவது நடுவே மடிந்து, இரு ஓரங்களும் ஒட்டிக்கொண்ட ஓர் இலை போன்ற உறுப்பு இது. ஓரங்கள் சேர்ந்த இடம் விதை விளிம்பு, நடுநரம்பு ஓடும் இடம் எதிர் விளிம்பு. விரித்த நிலையில் கையில் வைத்துப் பார்த்தால் யாரும் விளக்கம் கேட்க மாட்டார்கள்.

இப்படி மூடிக்கொண்டதால் என்ன ஆயிற்று? பைனில் மகரந்தம் நேராகச் சூலின் வாயிலேயே போய் உட்கார்கிறது. மூடிய சூலகத்தில் அதற்கு வழியில்லை. சூலகத்தின் உச்சியான சூலகமுடியில் இறங்கி, முளைத்து, குழாய் நீட்டி, அதன் கீழுள்ள சூலகத்தண்டைக் கடந்தாக வேண்டும். பார்வைக்கு இது தடை. உண்மையில் இது ஒரு தேர்வுக்களம். எந்த மகரந்தத்தை முளைக்க விடுவது, தன் சொந்த மகரந்தத்தை எப்படித் தடுப்பது என்பதெல்லாம் தாய்த் தாவரத்தின் கைக்கு வந்துவிட்டது. பல மகரந்தக் குழாய்கள் ஒரே பாதையில் போட்டியிடும்போது வேகமானது வெல்கிறது.

வேகம் என்ற சொல்லைக் கவனியுங்கள். பைனில் மகரந்தம் சேர்ந்து கருவுற ஓராண்டுக்கு மேல் ஆகும். பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் இது சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ முடிந்துவிடும். திறந்தவிதைத் தாவரங்களில் மகரந்தக் குழாய் மணிக்கு இருபது மைக்ரோமீட்டர்கூட வளர்வதில்லை. பூக்கும் தாவரங்களிலோ மணிக்கு ஒரு மில்லிமீட்டரைத் தாண்டுவது சாதாரணம். ஒரே பருவத்தில் முளைத்து, பூத்து, விதைத்து மடியும் செடி என்ற வாழ்க்கைமுறையே இந்த வேகத்தால்தான் சாத்தியமாயிற்று. ஓராண்டுச் செடியாக வாழும் திறந்தவிதைத் தாவரம் ஒன்றுகூட இன்று இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். நியூ கலிடோனியாத் தீவில் மட்டும் வளரும் ஆம்பொரெல்லா என்ற புதர், மற்றெல்லாப் பூக்கும் தாவரங்களுக்கும் உடன்பிறந்த கிளை என்று 1999-இல் வெளிவந்த மூலக்கூறு ஆய்வுகள் காட்டின. அதன் சூலிலையின் ஓரங்கள் திசுவால் முழுதும் ஒட்டவில்லை. வாய்ப்பகுதியை ஒரு சுரப்பு நீர்தான் அடைத்து நிற்கிறது. அல்லிக் குடும்பத்தின் பழைய வகைகள் சிலவற்றிலும் இப்படித்தான். மூடுதல் படிப்படியாக நடந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

குறுக்குவெட்டு

சூல்முடி சொன்னதில் பிழையில்லை, ஆனால் பாதிக் கதைதான். விதையை வேகமாக உண்டாக்க உணவு எங்கிருந்து வருகிறது? இலையிலிருந்து. பூவைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவிட்டு இலையை ஒரு பத்தியில் முடிக்கும் வழக்கம் எனக்கு நெடுநாளாக உறுத்தல்.

அரச இலை ஒன்றை நீரில் ஊறவிட்டு, சதை அழுகியபின் மெல்லக் கழுவுங்கள். எஞ்சும் வலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நடுநரம்பு, அதிலிருந்து பக்க நரம்புகள், அவற்றை இணைக்கும் குறுக்கு நரம்புகள், அவற்றுக்குள் இன்னும் நுண்ணிய கண்ணிகள், கடைசியில் அந்தக் கண்ணிக்குள் எங்கும் போய்ச் சேராமல் முடியும் மயிரிழை நுனிகள். ஒளிச்சேர்க்கை செய்யும் எந்தச் செல்லும் நீர்க்குழாயிலிருந்து தொலைவில் இல்லை. அடுத்து கிங்கோ இலையைப் பாருங்கள். இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டே போகும் நரம்புகள் மட்டும், குறுக்கிணைப்பு இல்லை.

இதை எண்ணாகவும் அளந்திருக்கிறார்கள். 2009-இல் வெளியான பாய்ஸ் குழுவினரின் ஆய்வின்படி, பூக்கும் தாவரங்களின் இலையில் ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பில் ஓடும் நரம்புகளின் மொத்த நீளம் சராசரியாக 8 மில்லிமீட்டர். மற்றத் தாவரங்களில், இன்றுள்ளவையானாலும் புதைபடிவமானாலும், 2 மில்லிமீட்டரை ஒட்டியே இருக்கிறது. நரம்பு அடர்ந்தால் நீர் வரத்து கூடும். நீர் வரத்து கூடினால் இலைத்துளைகளைத் தாராளமாகத் திறந்து வைக்கலாம். துளை திறந்திருந்தால் கார்பன் டை ஆக்சைடு உள்ளே வரும். வளர்ச்சியின் வேகம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

பாடநூல்கள் இந்த இடத்தில் நீர் கடத்தும் சைலக்குழாயைப் பெரிதுபடுத்தும். டிரக்கீடு என்பது இரு முனையும் மூடிய செல், நீர் குழிகள் வழியே கசிந்துதான் அடுத்த செல்லுக்குப் போகும். சைலக்குழாயிலோ குறுக்குச்சுவர் துளைபட்டு, பல செல்கள் சேர்ந்து ஒரே நீண்ட குழாயாகின்றன. வேறுபாடு மிகப் பெரியதுதான். ஆனால் ஆம்பொரெல்லாவின் தண்டைக் குறுக்கே வெட்டினால் டிரக்கீடு மட்டுமே தெரியும். எதிர்ப்பக்கத்தில், திறந்தவிதைத் தாவரமான நீட்டத்துக்குச் (Gnetum) சைலக்குழாயும் உண்டு, வலைப்பின்னல் நரம்புள்ள அகன்ற இலையும் உண்டு. ஆகவே "சைலக்குழாய் வந்தது, வென்றார்கள்" என்று எழுதினால் அதை நான் ஏற்க மாட்டேன்.

முதலாண்டு மாணவி

ஐயா, ஒரு சந்தேகம். வலைப்பின்னல் நரம்பு இவ்வளவு பெரிய நன்மை என்றால், ஒருவிதையிலைத் தாவரங்கள் ஏன் இணைநரம்புக்குப் போயின? தண்டைப் பருக்கச் செய்யும் கேம்பியம் என்ற திசுவும் அவற்றுக்கு இல்லை என்று படிக்கிறோம். குறை மேல் குறையாக அல்லவா தெரிகிறது?

குறுக்குவெட்டு

நல்ல கேள்வி, அம்மா. இணைநரம்பு என்பது கண்ணுக்குத் தெரிவது மட்டும். புல்லின் இலையை நுண்ணோக்கியில் வைத்தால் அந்த இணைகோடுகளுக்கு நடுவே மெல்லிய குறுக்கு நரம்புகள் ஏணிப்படி போல இருக்கும். நரம்புகளும் நெருங்கியே ஓடும். நீர் வரத்தில் அவற்றுக்குக் குறைவில்லை.

கேம்பியத்தை இழந்தது உண்மை. இருவிதையிலைத் தண்டில் நீரும் உணவும் கடத்தும் வாஸ்குலார் கற்றைகள் வளையமாக நிற்கும். நீர் கடத்தும் சைலத்துக்கும் உணவு கடத்தும் ஃபுளோயத்துக்கும் இடையே உள்ள கேம்பியம் உள்பக்கம் கட்டையையும் வெளிப்பக்கம் பட்டைத் திசுவையும் சேர்த்துக்கொண்டே போகும். ஒருவிதையிலைத் தண்டில் கற்றைகள் சிதறிக் கிடக்கும், விளிம்பில் மிக நெருக்கமாகவும் நடுவில் தளர்வாகவும். ஒவ்வொரு கற்றையையும் நார்த்திசு உறை போர்த்தியிருக்கும். அதனால்தான் பனையும் தென்னையும் வெளிப்புறத்தில் இரும்பாகவும் உள்ளே சோறாகவும் இருக்கின்றன, ஆண்டு வளையமும் அவற்றுக்கு இல்லை. வேங்கை, தேக்கு போன்றவற்றில் வைரம் நடுவில் இருக்கும். தொல்காப்பிய மரபியல் புறத்தே காழ் (வைரம்) உள்ளதைப் புல் என்றும் அகத்தே காழ் உள்ளதை மரம் என்றும் பிரித்தது, குறுக்குவெட்டில் இன்று நாம் காணும் இதே வேறுபாட்டை வைத்துத்தான்.

இந்த அமைப்பில் ஓர் ஆதாயமும் உண்டு. கேம்பியத்தை நம்பி நிற்கும் மரத்தின் பட்டையை ஒரு சுற்று சீவிவிட்டால் மரம் காலப்போக்கில் சாகும், ஏனென்றால் உணவு கடத்தும் ஃபுளோயம் முழுவதும் அங்கேதான். பனையில் ஃபுளோயம் ஒவ்வொரு கற்றைக்குள்ளும் இருக்கிறது. மேலே சீவினால் உள்ளே ஓடுவது நிற்காது.

பாறைப்பதிவு

காலக்கணக்கை வைக்காமல் இந்த விவாதம் நகராது. இலைதான் காரணமா, சூலகம்தான் காரணமா என்று முடிவு செய்ய வேண்டுமென்றால் எது முதலில் வந்தது என்று தெரிய வேண்டும்.

1879 ஜூலை 22 அன்று டார்வின் தம் தாவரவியல் நண்பர் ஜோசப் ஹூக்கருக்கு எழுதிய கடிதத்தில், உயர்தாவரங்கள் புவியியல் காலத்தில் இவ்வளவு விரைவாக வளர்ந்து பெருகியது தம்மை வாட்டும் புதிர் என்று குறிப்பிட்டார். அதே கடிதத்தில் சப்போர்ட்டா என்ற பிரெஞ்சு அறிஞரின் கருத்தையும் எடுத்துக்காட்டுகிறார். பூவை நாடும் பூச்சிகள் தோன்றியதும் தாவரங்கள் வேகமாகப் பெருகின என்பதுதான் அது. கொடிவேலி வகுப்பில் சொல்லும் அந்த ஒற்றை வரி, அவ்வளவு பழையது.

இன்று கையில் இருப்பது என்ன? பூக்கும் தாவரங்களுடையது என ஐயமின்றிச் சொல்லத்தக்க மகரந்தம் சுமார் 13.5 கோடி ஆண்டுப் பழைய பாறைகளிலிருந்து கிடைக்கிறது. ஒற்றைப் பள்ளம் கொண்ட மகரந்தம் அது. மூன்று பள்ளம் உள்ள மகரந்தம், அதாவது மெய் இருவிதையிலைத் தாவரங்களின் அடையாளம், சுமார் 12.5 கோடி ஆண்டுக்கு முன் தென்படுகிறது. ஸ்பெயினின் மோன்ட்செக்கியா, சீனாவின் லியாவோனிங்கில் கிடைத்த ஆர்க்கியஃப்ரக்டஸ் என்ற புதைபடிவச் செடிகள் இரண்டும் ஏறத்தாழ இந்தக் காலத்தவை, இரண்டும் நீரில் வாழ்ந்தவை. ஆர்க்கியஃப்ரக்டஸை 1998-இல் அறிவித்தபோது ஜுராசிக் காலத்தது என்றார்கள். பாறையின் வயது சரியாக அளக்கப்பட்டபின் அது அடுத்து வந்த கிரெட்டேசியஸ் காலத்துக்கு இறங்கியது.

பெரிய பூக்களை எதிர்பார்த்துத் தேடினால் ஏமாற்றம்தான். போர்ச்சுகல், ஸ்வீடன் மண்ணிலிருந்து எல்சே மாரி ஃப்ரீஸும் உடன்பணியாற்றியவர்களும் எடுத்த கிரெட்டேசியஸ் பூக்கள் பெரும்பாலும் ஓரிரு மில்லிமீட்டர் அளவே. காட்டுத்தீயில் கரியானதால்தான் அவை நசுங்காமல் தப்பின. மகரந்தப்பையின் உள்சுவர்வரை கரியிலேயே பதிந்திருக்கிறது. தொடக்ககாலப் பூ என்று படம் வரையும்போது பெரிய மக்னோலியாவைப் போடும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

குறுக்குவெட்டின் இலைக் கணக்கையும் இத்துடன் ஒட்டிப் பார்க்கலாம். முதல் பூக்கும் தாவரங்களின் நரம்பு அடர்த்தி பெரணிகளைவிடப் பெரிதாக மேம்பட்டதல்ல. ஏற்றம் வந்தது கிரெட்டேசியஸின் நடுப்பகுதியில், சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன். மூடிய சூலகம் அதற்கு முன்பே இருந்தது.

சூல்முடி

அதுதானே நான் சொன்னது!

குறுக்குவெட்டு

முதலில் வந்தது என்பதால் அதுவே வெற்றிக்குக் காரணம் ஆகிவிடாது, நண்பரே. சூலகம் மூடியபின்னும் பல கோடி ஆண்டுகள் அவை ஓடைக்கரையிலும் நிழலிலும் ஒதுங்கிக் கிடந்தன. காட்டின் உச்சியைப் பிடித்தது இலை மாறிய பிறகு. அதையும் விளக்க வேண்டும் அல்லவா?

அந்த மாற்றத்துக்கு ஒரு சுவையான காரணத்தை 2018-இல் சிமோனினும் ராடியும் முன்வைத்தார்கள்: ஜீனோம், அதாவது செல்லின் மொத்த டிஎன்ஏ தொகுப்பு, சுருங்கியது. உட்கருவில் டிஎன்ஏ குறைந்தால் செல்லின் குறைந்தபட்ச அளவும் குறையும். செல் சிறுத்தால் அதே பரப்பில் அதிக இலைத்துளைகளையும் அதிக நரம்புகளையும் அடைக்கலாம். லோப்லாலி பைனின் ஜீனோம் சுமார் 2,200 கோடி டிஎன்ஏ எழுத்துகள். அராபிடாப்சிஸ் என்ற சிறு செடிக்குச் சுமார் 13.5 கோடிதான்.

மரபிழை

இதில் ஓர் எச்சரிக்கை தேவை. பூக்கும் தாவரங்களின் ஜீனோம் எல்லாம் சிறியதல்ல. பாரிஸ் ஜப்பானிக்கா என்ற சிறு செடியின் ஜீனோம் ஏறத்தாழ 14,900 கோடி எழுத்துகள், பைனையே விழுங்கிவிடும். சிறுக்க முடிந்தது என்பதுதான் செய்தி. பூக்கும் தாவரங்களின் பொது மூதாதையில் ஜீனோம் முழுவதும் ஒருமுறை இரட்டித்தது என்பதற்கு, 2013-இல் வெளியான ஆம்பொரெல்லா ஜீனோமில் தடயம் இருக்கிறது. இரட்டிப்பதும் பிறகு உதறிச் சுருங்குவதும் இந்தக் குலத்தில் மீண்டும் மீண்டும் நடந்திருக்கின்றன. இரட்டித்த மரபணுக்களில் ஒரு பிரதி பழைய வேலையைப் பார்க்க, மற்றது புதிய வேலைக்குப் போகிறது. பூவைக் கட்டும் மரபணுக்கள் பல இப்படி வந்தவையே.

பூவைப் பற்றி எழுதத்தான் இந்த இழைக்குள் வந்தேன். பூவின் உறுப்புகள் எல்லாம் மாறிய இலைகளே என்று 1790-லேயே ஜெர்மானியக் கவிஞர் கத்தே எழுதினார். அது கவிஞரின் கற்பனை என்று ஒதுக்கியவர்கள் உண்டு. 1991-இல் என்ரிகோ கோயனும் எலியட் மையரோவிட்சும் ஏபிசி மாதிரியை முன்வைத்தார்கள். மூன்று வகை மரபணுச் செயல்கள், நான்கு வட்டங்கள். ஏ தனியாக இயங்கினால் புல்லிதழ், ஏயும் பியும் சேர்ந்தால் அல்லிதழ், பியும் சியும் சேர்ந்தால் மகரந்தத்தாள், சி தனியாக இயங்கினால் சூலிலை. மூன்றையும் நீக்கிய அராபிடாப்சிஸ் செடியில் பூ இருக்க வேண்டிய இடத்தில் இலை போன்ற உறுப்புகள் அடுக்கடுக்காக வந்தன. பிறகு ஈ என்ற நான்காம் வகையும் தேவை என்று தெரிந்தது. தகுந்த மரபணுக்களை இலையில் இயக்கி இலையையே இதழாக்கவும் 2001-இல் முடிந்தது.

வீட்டில் பார்க்க வேண்டுமானால் அடுக்குச் செம்பருத்திதான் என் தேர்வு. முதலில் ஒற்றைச் செம்பருத்தி: வெளியே சிறு செதில்கள், அடுத்து ஐந்து பல் கொண்ட புல்லி வட்டம், ஐந்து இதழ்கள், நடுவில் மகரந்தத்தாள்கள் சேர்ந்து குழலாகி, அந்தக் குழலுக்குள் நுழைந்து வெளியே ஐந்தாகப் பிரிந்து நிற்கும் சூலகமுடி. இனி அடுக்குப் பூவின் உள் இதழ்களை ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். சில முழு இதழ்கள். சிலவற்றின் ஓரத்தில் மட்டும் ஒரு மஞ்சள் மகரந்தப்பை ஒட்டிக்கொண்டு நிற்கும், பாதி இதழ் பாதி தாள். சி செயல் தளரும் இடத்தில் மகரந்தத்தாள் இதழாக மாறுவதை அதைவிடத் தெளிவாக எந்த வரைபடமும் காட்டாது.

ஒழுங்கு மீறும் பூவும் உண்டு. மெக்சிகோவின் சியாபாஸ் காட்டில் லகந்தோனியா என்ற பச்சையமற்ற சிறு செடி இருக்கிறது. அதன் பூவில் மகரந்தத்தாள்கள் நடுவில், சூலிலைகள் அவற்றைச் சுற்றி. எல்லாப் பூவிலும் உள்ள வரிசை அதில் தலைகீழ்.

கொடிவேலி

அடுக்குச் செம்பருத்தியை நாளைக்கே வகுப்பில் பிரிக்கப் போகிறேன். ஆனால் முதற்பூ எப்படி இருந்தது என்பதற்கு இன்னும் விடை வரவில்லை. மாணவர்கள் தாமரை, அல்லி இரண்டையும் காட்டி இவைதான் மிகப் பழையவையா என்று கேட்கிறார்கள். இரண்டையும் ஒரே குடும்பமாகத்தான் நான் படித்தேன்.

சூல்முடி

அல்லி பழைய கிளை. தாமரை அப்படியல்ல, அம்மா. ஒரே குளத்தில் வாழ்வதால் ஒன்றுபோலத் தோன்றுகின்றன, அவ்வளவே. ஆம்பொரெல்லாவுக்கு அடுத்துப் பிரிந்த கிளை அல்லி. ஒருவிதையிலையும் மெய் இருவிதையிலையும் பிரிவதற்கு வெகு முன்பே அது பிரிந்துவிட்டது. தாமரை மெய் இருவிதையிலைத் தாவரம். மகடாமியா, பிளேன் மரம் ஆகியவற்றின் வரிசையைச் சேர்ந்தது. ஆகத் தாமரைக்கு அல்லியைவிட நெல்லே நெருங்கிய உறவு.

கையில் எடுத்துப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். அல்லியின் சூலகத்தில் சூலிலைகள் சேர்ந்து ஒரே பையாக இருக்கும், காய் நீருக்கடியில் முதிரும். தாமரையில் பூத்தளமே தலைகீழான கூம்பாகப் பருத்து, ஒவ்வொரு சூலிலையும் தனித்தனிக் குழியில் புதைந்து நிற்கும். மகரந்தத்தில் அல்லிக்கு மூன்று பள்ளம் கிடையாது, தாமரைக்கு உண்டு. தாமரைப் பூ தன் வெப்பத்தைத் தானே 30 முதல் 36 டிகிரி செல்சியஸுக்குள் வைத்துக்கொள்கிறது, வெளியே 10 டிகிரிவரை குளிர்ந்தாலும்.

மாணவர்களுக்கு அல்லியையும் பிரித்துக் காட்டுங்கள். வெளியிதழிலிருந்து உள்ளே போகப் போக இதழ் குறுகும், நுனியில் மஞ்சள் படரும், ஓரிடத்தில் எது இதழ் எது மகரந்தத்தாள் என்று கோடு போட முடியாமல் போகும்.

முதற்பூவைப் பற்றி: 2017-இல் சோக்கே தலைமையிலான குழு 792 இனங்களின் பூ அமைப்பை வைத்து மூதாதைப் பூவைக் கணித்தது. ஆண் பெண் இரண்டும் உள்ள பூ, எல்லாப் பக்கமும் சமச்சீர், புல்லிதழ், அல்லிதழ் என்று பிரியாத இதழ்கள் மும்மூன்றாக இரண்டுக்கு மேற்பட்ட வட்டங்களில். இதில் வட்டமா சுருளா என்பதில் கடும் எதிர்ப்பும் கிளம்பியது. ஆம்பொரெல்லாவில் இதழ்கள் சுருளாக அமைந்திருப்பதால் எதிர்ப்பில் வலு இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

தேன்சிட்டு

எல்லோரும் பூச்சிகளை ஓரங்கட்டிவிட்டீர்கள். ஒரு வேறுபாட்டைக் காண மறுக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. நிலத்தை ஆள்வது வேறு, இனங்கள் பெருகுவது வேறு. குறுக்குவெட்டு பேசுவது முதலாவது. கொடிவேலி கேட்ட மூன்று லட்சம் என்ற எண்ணிக்கை இரண்டாவது.

ஆர்க்கிட் குடும்பத்தில் மட்டும் 25,000-க்கு மேற்பட்ட இனங்கள். அவற்றுக்குத் தனிச்சிறப்பான இலை நரம்பு ஏதுமில்லை. இருபக்கச் சமச்சீர், மகரந்தத்தை ஒரே பொட்டலமாக ஒட்டிவிடும் உத்தி, நீண்ட தேன்வால் (பூவின் பின்னே வால்போல் நீளும் தேன்குழல்) இவைதான் அவற்றின் சொத்து. மடகாஸ்கரின் ஓர் ஆர்க்கிட்டின் தேன்வால் ஏறத்தாழ முப்பது சென்டிமீட்டர் இருப்பதைப் பார்த்த டார்வின், அவ்வளவு நீண்ட உறிஞ்சுகுழல் கொண்ட அந்துப்பூச்சி அங்கே இருந்தாக வேண்டும் என்று 1862-இல் எழுதினார். 1903-இல் அந்த அந்துப்பூச்சி விவரிக்கப்பட்டது. பூவின் வடிவம் சற்று மாறினால் வேறு பூச்சி வருகிறது. வேறு பூச்சி வந்தால் மகரந்தம் கலப்பது நிற்கிறது. கலப்பு நின்றால் காலப்போக்கில் இரண்டு இனம். காற்றுக்கு இந்த வேலை தெரியாது.

அத்தியும் இதற்குச் சான்று. அத்தி பூத்தாற்போல என்று சொல்கிறோம், பூ கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதால். பிஞ்சைக் குறுக்கே வெட்டினால் உள்சுவர் முழுவதும் பூக்கள், நூற்றுக்கணக்கில். குளவிகள் சிறு வாய் வழியே நுழைந்து மகரந்தம் சேர்க்கின்றன. பெரும்பாலும் ஒவ்வோர் அத்தி இனத்துக்கும் தனக்கே உரிய குளவிகள் உண்டு.

கொடிவேலி

அப்படியென்றால் புல்? என் மாணவர்களின் முதல் கேள்வி அங்கேதான் நிற்கிறது. புற்குடும்பத்தில் 11,000-க்கு மேற்பட்ட இனங்கள், பூச்சி இல்லாமலே.

மரபிழை

புல் பூச்சியை விட்டு விலகி வந்த குலம். அதன் மூதாதையருக்கு இதழ்கள் இருந்தன. நெற்பூவை உமி பிரித்து லென்ஸில் பாருங்கள். அடியில் இரண்டு சிறிய சதைப்பற்றுள்ள செதில்கள் இருக்கும். அவை இதழின் எச்சம். பி வகை மரபணுக்கள் அங்கேயும் இயங்குகின்றன. பூக்கும் நேரத்தில் அவை நீர் ஏற்றி உப்பி, உமியை நெம்பித் திறக்கின்றன. தாள்கள் வெளியே தொங்கும், இறகு போன்ற சூலகமுடி விரியும், சற்று நேரத்தில் செதில் வற்றி உமி மூடிக்கொள்ளும். அழகுக்கு இருந்த உறுப்பு கதவைத் திறக்கும் வேலைக்கு வந்துவிட்டது.

பாறைப்பதிவு

இந்த இடத்தில் விதையையும் பேசியாக வேண்டும். 1898-இல் செர்கேய் நவாஷினும் 1899-இல் லியோன் கிஞ்யாரும் லில்லிக் குடும்பச் செடிகளில் இரட்டைக் கருவுறுதலைக் கண்டார்கள். ஓர் ஆண் உட்கரு முட்டையோடு சேர்ந்து கருவாகிறது, மற்றது சூலுக்குள் உள்ள கருப்பையின் நடுச்செல்லோடு சேர்ந்து, கருவுக்கு உணவாகும் கருவூண் ஆகிறது.

இதன் பயன் சிக்கனம். திறந்தவிதைத் தாவரம் விதைக்கான உணவைக் கருவுறுவதற்கு முன்பே சேமிக்கத் தொடங்கிவிடுகிறது. கருவுறாவிட்டால் அத்தனையும் வீண். பூக்கும் தாவரம் கருவுற்றது உறுதியான பின்புதான் கருவூணை வளர்க்கிறது. சூல்முடி சொன்ன வேகமும் இதிலிருந்து வருவதுதான்: கருவுறும் வரை சூல் சிறிதாகவே இருக்கலாம், அதனால் விரைவில் தயாராகலாம்.

அல்லிக் குடும்பத்து நுஃபாரில் கருப்பையில் நான்கே செல்கள், கருவூணில் இரட்டைத் தொகுதிக் குரோமோசோம்கள். பாடநூலில் வரும் ஏழு செல், எட்டு உட்கரு, மும்மடிக் கருவூண் பின்னால் நிலைபெற்றது என்றே பலர் கருதுகிறார்கள். எஃபெட்ரா என்ற திறந்தவிதைத் தாவரத்திலும் இரண்டாம் கருவுறுதல் நடக்கிறது, ஆனால் கருவூண் வருவதில்லை. கூடுதலாக இன்னொரு கரு உண்டாகிறது.

சூலின் இரண்டாவது உறையும் பழைய புதிர். திறந்தவிதைச் சூலுக்கு ஓர் உறை, பூக்கும் தாவரச் சூலுக்குப் பொதுவாக இரண்டு. உள் மங்கோலியாவின் கிரெட்டேசியஸ் படிவுகளில் கிடைத்த, சூலைச் சுற்றி வளைந்த கிண்ண உறுப்புகளை வைத்து, அந்தக் கிண்ணமே வெளியுறை ஆனது என்று 2021-இல் ஒரு குழு வாதிட்டது. இத்தனை ஆண்டுகளில் நான் படித்தவற்றில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்த ஆய்வு அது. பூவின் மூதாதையை இதழில் தேடாமல் சூலில் தேடினார்கள்.

முதலாண்டு மாணவி

ஜுராசிக் பூ கிடைத்துவிட்டது என்று செய்தியில் படித்தேனே, அது?

பாறைப்பதிவு

நான்ஜிங்காந்தஸ். 2018-இல் அறிவித்தார்கள், வயது சுமார் 17.4 கோடி ஆண்டு. அடுத்த ஆண்டே எதிர்ப்புக் கட்டுரைகள் வந்தன. இதழ் என்று காட்டப்பட்டவை ஊசியிலைக் கூம்பின் செதில்களாக இருக்கலாம், மூடிய சூலகம் என்பது நிறுவப்படவில்லை என்பது முக்கிய ஆட்சேபம். நான் அந்த ஆட்சேபத்தின் பக்கம். ஆனால் டிஎன்ஏ வேறுபாடுகளைக் கொண்டு காலத்தைக் கணிக்கும் மூலக்கூறுக் கடிகாரக் கணக்குகள் பலவும் பூக்கும் தாவரங்களின் தோற்றத்தை ஜுராசிக்கிலோ அதற்கும் முன்போ வைக்கின்றன. கணக்குக்கும் பாறைக்கும் இடையே பல கோடி ஆண்டு இடைவெளி. அரிதாக, சிறு பரப்பில் வாழ்ந்த செடிகள் படிவமாகாமல் போனது ஒரு விளக்கம். கடிகாரம் எல்லாக் கிளையிலும் ஒரே வேகத்தில் ஓடாது என்பது மறு விளக்கம்.

கொடிவேலி

கேட்டதற்கு மேல் கிடைத்தது, எல்லோருக்கும் நன்றி. ஒன்று மட்டும். மகரந்தக் குழாயின் வேகத்தை மாணவர்கள் தம் கண்ணால் ஒரே வகுப்பு நேரத்துக்குள் பார்க்க வழி உண்டா? எந்தச் செடி ஏற்றது?

சூல்முடி

காசித்தும்பை எடுங்கள், அம்மா. விரைவில் முளைக்கும் மகரந்தம் அது. நித்திய கல்யாணியும் சரிவரும். பத்து விழுக்காடு சர்க்கரைக் கரைசலில் சிறிதளவு போரிக் அமிலமும் கால்சியம் நைட்ரேட்டும் சேர்த்து, கண்ணாடி வில்லையில் ஒரு துளி விட்டு, அன்று காலையில் விரிந்த பூவின் மகரந்தத்தை ஊசி நுனியால் தூவுங்கள். நேற்றைய பூ வேண்டாம். மகரந்தம் நிறைய விழுந்தால் குழாய்கள் பின்னிக்கொண்டு ஒன்றும் தெரியாது, கொஞ்சம் போதும். முதலில் குறைந்த உருப்பெருக்கத்தில் துளியின் ஓரத்தைப் பாருங்கள், அங்கேதான் முதலில் முளைக்கும். ஒரு குழாயைத் தேர்ந்து, சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளவுகோலில் அதன் நீளத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். துளி காய்ந்தால் வளர்ச்சி நின்றுவிடும், ஆகவே அளக்காத நேரத்தில் வில்லையை ஈரத்தாள் வைத்த தட்டில் மூடி வையுங்கள்.